ஆறாம் நம்பர் சித்தி

சித்தி பட்டறையை விட்டு வெளியேறியது ஒரு வியாழக்கிழமை. சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் கை கழுவப் போகிற நேரம். அன்று காலை புத்தம் புது ஷூவைப் போட்டுக்கொண்டு போனவள், வெறுங்காலோடு திரும்பி வந்தாள்.

நான் மாடி ஜன்னலில் இருந்தேன். பல நாடுகள் சுற்றிவிட்டு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எந்த நாற்காலியிலும் நிலையாக உட்கார வராமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்த காலம். தெருமுனையில் சித்தி தெரிந்தபோது அவள் நடையில் ஏதோ கோளாறு என்று பட்டதே தவிர, என்னவென்று பிடிபடவில்லை. கொதிக்கும் தார் ரோட்டில் நிழல் விழுந்த இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். எங்கள் தெருவில் சித்தியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைத்தான் பார்ப்பார்கள். இந்த வாரம் என்ன நிறம், என்ன வார், என்ன புது மாதிரி என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கால் ஒன்றுமில்லாமல் வந்ததைப் பார்த்து எதிர்வீட்டு டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

அம்மா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். சித்தி அவளுக்கு நேர் இளைய தங்கை. கீழ்ப் போர்ஷனில் சித்தப்பாவோடும் அவர்கள் மகனான என் தம்பியோடும் இருக்கிறாள்.

“என்னடி இது? செருப்பு எங்க?”

“அது அவங்களுதுக்கா. அங்கேயே வச்சிட்டு வந்துட்டேன்.”

“வேலை?”

“அதையும்தான்.”

சித்தி நேராகக் குழாயடிக்குப் போய்க் காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். வெகுநேரம் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

சித்தியின் வேலை என்னவென்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைப்பார்கள். நடப்பதுதான் அவள் வேலை. பஸ் டிப்போவுக்குப் பின்னால், ஒரு காலத்தில் அச்சகமாக இருந்த நீளமான கொட்டகையில் அந்தக் காலணிப் பட்டறை இருக்கிறது. புதிதாக ஒரு மாதிரி உருவானதும் முதல் ஜோடி சித்தியின் காலுக்கு வரும். அதைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் நடந்துவிட்டு வந்து, எங்கே கடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று அவள் சொல்ல வேண்டும். அவள் தலையாட்டினால்தான் அந்த மாதிரி கடைக்குப் போகும்.

பட்டறையைத் தொடங்கியவரை ஊரே முதலாளியம்மா என்றுதான் சொல்லும். அதற்கு முன் அவர் ஒரு பெரிய காலணித் தொழிற்சாலையில் பசை ஒட்டும் பகுதியில் இருந்தார். அந்த நெடி தலைவலியாக ஆரம்பித்து ஒருநாள் மயங்கி விழும் அளவுக்குப் போனபோது, வேலையை உதறிவிட்டு வந்தார். “மோந்து பாத்தா மண்ணு மாதிரி இருக்கணும், கிழிஞ்சா மண்ணாவே போகணும்” என்று ஒரு செருப்பைச் செய்யக் கிளம்பினார். தோல் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது. அடிப்பாகத்துக்குத் தக்கையும் ரப்பர் பாலும். மேலே பருத்திக் கித்தானும் சணலும், பின்னாளில் அன்னாசி இலையிலிருந்து எடுத்த நாரும். சாயத்துக்கு வெங்காயத் தோல், மாதுளை ஓடு.

சித்தி அங்கே முதலில் சேர்ந்தது பெட்டியில் அடுக்கும் வேலைக்கு. காலணியைக் கால் வடிவத்தில் செதுக்கிய மரக்கட்டை ஒன்றின் மேல் இழுத்துத்தான் தைப்பார்கள். அந்தக் கட்டைகளைச் செதுக்குகிற மனிதருக்குக் கட்டைக்காரர் என்று பெயர். பெண்களுக்கான ஆறாம் நம்பர் கட்டையில் முதல் ஜோடி தயாரானதும், கொட்டகையிலிருந்த பெண்களை எல்லாம் வரிசையாக நிறுத்திக் காலை நீட்டச் சொன்னார். ஒருத்திக்கு விரல் இடித்தது. ஒருத்திக்குக் குதிகால் வெளியே நின்றது. சித்தியின் கால் உள்ளே போனதும் சத்தமே வரவில்லையாம்.

“தங்கச்சி, இது உன் காலா, இல்ல நான் செதுக்கினதா?” என்றாராம் கட்டைக்காரர்.

அன்றிலிருந்து அவள் ஆறாம் நம்பர். ஆறாம் நம்பரைச் செய்து சரிபார்த்த பிறகு, அதிலிருந்து குறைத்து ஐந்தும் நாலும், கூட்டி ஏழும் எட்டும் போடுவார்கள். ஆக, மொத்தப் பட்டறைக்கும் சித்தியின் கால்தான் அடிப்படை. டீக்கடையில்கூட “ஆறாம் நம்பருக்குச் சர்க்கரை கம்மி” என்று குரல் கேட்கும். டிப்போவில் கண்டக்டராக இருக்கும் சித்தப்பாவுக்கு இதில் வாய்க்கொழுப்பு அதிகம். “பேரைச் சொன்னா திரும்பமாட்டேங்குறா, நம்பரைச் சொன்னா திரும்புறா. நான் இவளை வேலைக்கு அனுப்பினேனா, ஜெயிலுக்கு அனுப்பினேனா?” என்பார்.

முதல் வருடத்து ஷூக்கள் பூமிக்கு நல்லவை, கண்ணுக்குக் கொடுமை. தக்கை கிடைக்காமல் பழைய டயரை வெட்டி அடியில் வைத்த ஒரு மாதிரி, நடக்கும்போது எலிக்குடும்பம் சண்டை போடுவதுபோல் கீச்சிட்டது. மாதுளை ஓட்டுச் சாயம் பூசிய இன்னொன்று மழையில் கரைந்து சித்தியின் காலில் ஏறிக்கொண்டது. கணுக்கால் வரை மஞ்சளாக அவள் ஒரு வாரம் நடமாடினாள். முதலாளியம்மா அசரவில்லை. சித்திதான் ஒருநாள் வெடித்தாள்.

“அக்கா, இதைப் போட்டா தவம் பண்ணப் போற மாதிரி இருக்கு. பூமிக்கு நல்லதுன்னா பாக்கவும் நல்லா இருக்கக் கூடாதா? ஏன் இப்படி இருக்குன்னு கேக்குற ஒவ்வொருத்தர்கிட்டயும், நான் மண்ணைக் காப்பாத்துறேன்னு விளக்கம் சொல்லிக்கிட்டா நடக்க முடியும்?”

முதலாளியம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் புது மாதிரி வரைந்துகொண்டு வந்தார். முனை கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. பக்கவாட்டில் மெல்லிய சணல் வார் ஓடியது. வெங்காயத் தோலின் செம்பழுப்பு நிறம். அதைப் போட்டுக்கொண்டு சித்தி மேம்பாலத்தில் ஏறியபோது, கல்லூரிப் பெண்கள் அவளை வழியிலேயே நிறுத்தி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். சித்தி அதை வீட்டில் குறைந்தது ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிழிந்தால் மண்ணாகப் போகுமா என்று பார்ப்பதற்காக முதலாளியம்மாவும் சித்தியும் ஒரு தேய்ந்த ஜோடியைக் கொட்டகைக்குப் பின்னால் குழிதோண்டிப் புதைத்த கதையும் உண்டு. தெருநாய் ஒன்று அதில் ஒற்றைக்காலைத் தோண்டி எடுத்துக்கொண்டுபோய், சரியாக டிப்போ வாசலில் போட்டது. சித்தப்பா அதை ஒரு குச்சியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“செருப்பைத் தொலைச்சவங்க உண்டு, திருடினவங்க உண்டு. புதைச்சவங்க உலகத்துலயே நீங்க ரெண்டு பேருதான். நாய்க்கே பொறுக்கல.”

“மட்கியிருக்கான்னு பாத்தீங்களா?” என்றாள் சித்தி, அதை வாங்கித் திருப்பிப் பார்த்தபடி.

பள்ளி விடுமுறையில் நானும் அவளோடு நடக்கப் போவேன். டிப்போவிலிருந்து மார்க்கெட்டின் ஈரத்தரை, அங்கிருந்து ரயில்வே மேம்பாலப் படிகள், இறங்கினால் ஜல்லி கொட்டிய சந்து, கடைசியில் ஆஸ்பத்திரியின் வழவழப்பான தாழ்வாரம். பேசிக்கொண்டே நடப்பவள் நடுவழியில் சட்டென்று நிற்பாள். தூரத்தில் யாரோ கூப்பிடுவதை உற்றுக்கேட்பதுபோல முகம் மாறும். “இரு, கட்டைவிரல் என்னமோ சொல்லுது.” நான் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பேன். இப்போது நினைத்தால், நான் பின்னாளில் நடந்த எந்த மலைப்பாதையும் அந்தச் சந்து அளவுக்கு நீளமாக இருந்ததில்லை.

திரும்பி வந்ததும் கட்டைக்காரரின் முக்காலிக்கு எதிரில் விசாரணை நடக்கும்.

“சொல்லு தங்கச்சி, எங்க பஞ்சாயத்து?”

“சுண்டுவிரல் முணுமுணுக்குது அண்ணே. குதிகால் தனியா நடக்குது. நடுப்பாதம் அந்தரத்துல நிக்குது.”

முதலாளியம்மாவுக்கு இது பிடிக்காது. “மில்லிமீட்டர்ல சொல்லேன்.”

“காலுக்கு மில்லிமீட்டர் தெரியாதுக்கா.”

கட்டைக்காரர் சிரித்துக்கொண்டே உளியை எடுப்பார். அவருக்கு அந்தப் பாஷை புரியும். எங்கே சீவ வேண்டும், எங்கே மெல்லிய தக்கைச் சீவலை ஒட்டி ஏற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே மாட்டார்.

அந்தப் பாஷைதான் பிறகு வினையானது.

தம்பி பிறந்த பிறகு சித்தியின் கால் பரந்துவிட்டது. பிள்ளை பெற்ற பலருக்கும் அப்படி ஆவதுதான். பழைய ஜோடி ஒன்றைப் போட்டுப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? கால் ஆறு இல்லையென்றால் ஆறாம் நம்பருக்கு அங்கே என்ன வேலை? மறுபடி பெட்டி அடுக்கும் மேஜைக்குத்தான் போக வேண்டும். அவள் சொன்னதெல்லாம் “சுண்டுவிரல் முணுமுணுக்குது அண்ணே” என்பதுதான். அது பொய்யும் இல்லை. கட்டைக்காரர் ஒரு நிமிடம் அவள் காலைப் பார்த்தார், பிறகு கட்டையின் ஓரத்தில் முடியளவு சீவலை ஒட்டி மணல்தாளால் தேய்த்துவிட்டார். முணுமுணுப்பு நின்றது. அடுத்த வருடம் இன்னொரு சீவல். அதற்கடுத்த வருடம் நீளத்திலும் ஒன்று. இருவருக்கும் தெரியும். இருவரும் வாய் திறக்கவில்லை.

வேறு யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. அளவு சரியா என்று பார்க்கச் சித்தியின் காலில்தான் போட்டுப் பார்ப்பார்கள். சித்தியின் காலுக்காகச் செதுக்கிய கட்டை சித்தியின் காலுக்குச் சரியாகத்தானே இருக்கும்? துணியை அளந்தார்கள், தக்கையை அளந்தார்கள், நூலின் முறுக்கைக்கூட அளந்தார்கள். எல்லாவற்றுக்கும் அளவான அந்தக் காலை மட்டும் யாரும் அளக்கவில்லை. ஆறு வளர, அதோடு சேர்ந்து ஐந்தும் ஏழும் எட்டும் வளர்ந்தன.

ஊர்ப் பெண்களுக்கோ கொண்டாட்டம். “அந்தப் பட்டறைல எடுத்தா எனக்கு அஞ்சுதான்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். நினைவு தெரிந்ததிலிருந்து ஏழு போட்டுக்கொண்டிருந்த அம்மா, ஆறு வாங்கிக்கொண்டு வந்தாள்.

“வயசாக ஆக எனக்குக் கால் சின்னதாயிட்டே வருது, பாத்தீங்களா?” என்றாள் அப்பாவிடம்.

“வாய்தான் பெருசாயிட்டே வருது” என்றார் அப்பா.

நான் ஊரை விட்டுக் கிளம்பியபோது சித்தி எனக்கு ஒரு ஜோடி கொடுத்தாள். மேலே அன்னாசி நார், உள்ளே தக்கை, உள்ளங்காலுக்கு மெத்தை போல் ஒரு அடுக்கு. ஆறாம் நம்பர். என் காலும் ஆறுதான். போட்டுக்கொண்டு இறங்கிய முதல் ஊரிலேயே குதிகால் வழுக்கியது. இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டேன். அதோடு சரியாகிவிட்டது. பனியிலும் மணலிலும் அதே ஜோடிதான். ரயில் நிலையங்களில் முன்பின் தெரியாதவர்கள் குனிந்து பார்த்து, அழகாக இருக்கிறதே என்று விசாரித்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையின் ரப்பர் பால் வாசனை எங்கிருந்தோ வரும்.

ஊர் திரும்பி சில நாட்கள் கழித்து, நான் வெளியே போகப் படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். சித்தி மேலே வந்துகொண்டிருந்தவள் நின்றாள்.

“எதுக்குடி ரெண்டு சாக்ஸ்?”

“பழக்கம் சித்தி. அங்கெல்லாம் குளிர்.”

“இங்க என்ன பனியா கொட்டுது? கழட்டு.”

கழற்றினேன். வெறுங்காலில் ஷூவை மாட்டி, குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலை விட்டாள். விரல் தாராளமாக இறங்கியது.

“உன் கால் ஆறுதானே?”

“ஆறுதான்.”

“இதுலயும் ஆறுன்னுதான் போட்டிருக்கு.” விரலை எடுக்காமல் அப்படியே இருந்தாள். “இப்படியேவா அத்தனை ஊரும் நடந்த?”

“சுகமாத்தான் சித்தி இருந்துச்சு.”

“ரெண்டு சாக்ஸ் போட்டவ சுகத்தைப் பத்திப் பேசாத.”

அதன் பிறகு அந்த வாரம் முழுக்க அவள் கலகலப்பாக இல்லை. முதலாளியம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. அதை அவளே பிறகு சொன்னாள். அதற்குள் பெட்டிகள் முந்திக்கொண்டன.

வெளிநாட்டுக் கடை ஒன்றுக்கு முதன்முறையாகச் சரக்கு அனுப்பியிருந்தார்கள். முதலாளியம்மா தெருத்தெருவாகச் சொல்லி மகிழ்ந்த ஆர்டர். அந்த வியாழக்கிழமை காலை மொத்தமும் திரும்பி வந்து கொட்டகை வாசலில் இறங்கியது. எல்லா அளவுகளும் பெரிதாக இருக்கின்றன என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். முதலாளியம்மா எங்கிருந்தோ கால் அளக்கும் பலகையை வரவழைத்து, ஆறாம் நம்பர் கட்டையை அதன்மேல் வைத்தார். கட்டை கோட்டைத் தாண்டி நின்றது.

“இது எப்படி?” என்று கட்டைக்காரரைக் கேட்டார்.

கட்டைக்காரர் தொண்டையைச் செருமினார். “மரம்தானேம்மா. மழைக்கு ஊதிப்போச்சு போல.”

“எல்லாக் கட்டையும் ஒண்ணுபோல ஊதுமா?”

“ஒரே மரம்மா.”

சித்தி புது ஜோடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். இன்னும் ஒரு கேள்வி வந்தால் கட்டைக்காரரின் வேலை போய்விடும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

“மரம் ஊதலக்கா. நான்தான் ஊதினேன். தம்பி பொறந்ததுலேருந்தே என் கால் ஆறு இல்ல. எனக்குத் தெரியும். சொல்லல.”

கொட்டகையில் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றாள் சித்தி.

“இத்தனை வருஷமா நான் உன் காலைத்தானே நம்பினேன்” என்றார். அவ்வளவுதான்.

சித்தி குனிந்து ஷூவைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். சாப்பாட்டு மணி அடித்தது.

பிறகு வந்த மாதங்கள் எங்கள் வீட்டுக்குப் பழக்கமில்லாதவை. சித்தி மார்க்கெட்டில் ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டாள். மூலைக்கடைக்கு மேல் எங்கும் போவதில்லை. “நடக்காம உக்காந்திருக்கிற உன்னைப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது” என்றார் சித்தப்பா. நான் கூப்பிட்டுப் பார்த்தேன், மேம்பாலம் வரை போய்வரலாம் என்று. “எதுக்கு? போய் யார்கிட்ட சொல்லப்போறேன்?” என்றாள்.

ஒருநாள் மாலை கட்டைக்காரர் வந்தார். ஒட்டிய சீவல்களை எல்லாம் அவரையே எடுக்கச் சொல்லிவிட்டாராம் முதலாளியம்மா.

“ஒவ்வொண்ணா உரிச்சேன் தங்கச்சி, வெங்காயம் மாதிரி. கண்ணுல தண்ணிகூட வந்துச்சு.”

“புதுசா யாரு நடக்குறா?”

“ஒரு காலேஜ் பொண்ணு. நல்ல பொண்ணு, கால் அசல் ஆறு. என்ன கேட்டாலும் சூப்பரா இருக்கு அங்கிள்னு சொல்லுது. எல்லாம் சூப்பர்னா நான் எங்க செதுக்குறது?”

சித்தி சிரிக்கவில்லை. “அக்கா என்ன சொல்றாங்க?”

அவர் டீ டம்ளரைப் பார்த்தார். “உன் பேச்சை எடுத்தா எழுந்து வெளிய போயிடறாங்க.”

அவர் போன பிறகு சித்தி என்னிடம் சொன்னாள்: “வேலை போனா போகட்டும்டி. வேணும்னே ஏமாத்தினேன்னு நினைச்சுட்டாங்களோன்னுதான். முன்னாலேயே சொல்லியிருந்தா கோவப்பட்டிருப்பாங்க, நம்பாம இருந்திருக்க மாட்டாங்க.”

அளவுகள் திருத்தப்பட்ட செய்தி ஊருக்குள் மெல்ல வந்து சேர்ந்தது. கடை வாசலில் பெண்கள் சண்டைக்கு நின்றார்கள். அம்மா வீட்டுக்குள் நுழையும்போதே கொதித்துக்கொண்டு வந்தாள்.

“மறுபடியும் எனக்கு ஏழாம்டி! ஒரு மனுஷி ராத்திரியோட ராத்திரியா வளருவாளா?”

சித்தி அன்றுதான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற இடத்தில் அழுகை தொடங்கியது. அம்மா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “விடுடி, எனக்கு ஏழே போதும்” என்றாள்.

மழைக்காலம் வந்து போனது. நான் அடுத்த பயணத்துக்குச் சாமான் எடுத்து வைப்பதும் திரும்பப் பிரிப்பதுமாக இருந்தேன். ஒரு பிற்பகல் சித்தி மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கைப்பிடிச்சுவர்மேல் இருந்த போன் சத்தம் கொடுத்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தவள், அதை என் பக்கம் நீட்டினாள்.

“நீயே படி. எனக்குக் கை ஈரமா இருக்கு.”

கை ஈரமாக இல்லை. நான் சத்தமாகப் படித்தேன்:

“நம்ம கடைக்கு வர்றவங்கள்ல பாதிப்பேர் பிள்ளை பெத்தவங்க. அவங்களுக்குன்னே அகலமா ஒரு மாதிரி போடப்போறேன். இது எனக்கு எப்பவோ தோணியிருக்கணும். நீயும் எப்பவோ சொல்லியிருக்கணும். சரி, விடு. ரெண்டு காலையும் நல்லா ஊன்றி நின்னு, பேப்பர்ல வரைஞ்சு அளந்து அனுப்பு. சாயங்காலமா அள. காலையில அளந்தா சின்னதாக் காட்டும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்ன நம்பர் வந்தாலும் வரட்டும். ஆனா இனிமே வருஷா வருஷம் உன் காலை நானே உக்காந்து அளப்பேன். அதுக்குச் சம்மதம்னா திங்கக்கிழமை வா.”